பேட்டரியிலும் ஓடும்

என் கல்யாணச் சீரில் வந்த ஸ்டீரியோ செட்டின் முதுகில் இரண்டு வேண்டாத வசதிகள் இருந்தன. ஒன்று, மைக் சொருகுகிற துளை. இன்னொன்று, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வயரை மாட்டுகிற சிவப்பு, கறுப்புத் திருகுகள். இரண்டையும் வைக்கச் சொன்னது நான்தான். மாமியார் மேல் பழி போடலாம், வீட்டுக்காரர் மேல் போடலாம், பௌர்ணமிக்கு வந்து குவிகிற ஜனத்தின் மேலும் போடலாம். எல்லார் மேலும் போட்டுப் பார்த்தாயிற்று. சுற்றிச் சுற்றி அது என்னிடமே வந்து நிற்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். பத்தாவது முடித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கேசட் அட்டையில் பாட்டு வரிகளை எழுத எடுத்தார்கள். ஆறு மாதத்தில் பதிவு செய்கிற வேலையும் என் தலையில் வந்து சேர்ந்தது. ஜனங்கள் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லெவல் முள் சிவப்புக்குப் போகாமல் பார்த்து, ஒவ்வொன்றாக ஏற்றுவேன். முள் சிவப்பில் விழுந்தால் பாட்டு இரையும். மற்றவர்கள் முள்ளைப் பார்ப்பார்கள். எனக்கு முள் வேண்டாம், காதே சொல்லிவிடும். பாடுகிறவர் மூச்சு இழுப்பது, தபேலாக்காரர் விரலைத் தேய்ப்பது, கோரஸில் ஒரு பெண் அரை நொடி முந்திவிடுவது, எல்லாம் கேட்கும். பெருமையாகத்தான் சொல்கிறேன். என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

ஆனால் அங்கே கேட்டதெல்லாம் ஊரார் எழுதிக் கொடுத்த பட்டியல். எனக்கென்று ஆசை ஒன்றே ஒன்றுதான். யாருக்காகவும் இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்து கேட்க வேண்டும். பட்டுப்புடவை கேட்கவில்லை, கூடுதல் நகை கேட்கவில்லை. இதைக்கூடக் கேட்கக் கூடாதா?

வரன் அமைந்தது அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையை ஒட்டி அவர்களுக்கு ஒரு கடை, கடைக்குப் பின்னால் வீடு. கற்பூரம், அகல், குங்குமம், சாமி படம், சோடா, முறுக்கு என்று வலம் வருகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்பார்கள். சீர்செனத்தியில் பீரோ, கட்டில், பாத்திரத்தோடு ஒரு பாட்டு செட்டும் கேட்டார்கள். டிவி கேட்காமல் விட்டார்களே என்று என் அப்பாவுக்கு நிம்மதி. அவர் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். நாலாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நானே பாத்து வாங்கறேன் நைனா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சீரைக் கல்யாணப் பெண்ணே போய் வாங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் பாட்டு விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவு வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதால் கூட அழைத்துப் போனார்.

முதலில் கடைவீதியில் ஒரு பெரிய கடை. ஒரே பெட்டியாக ஒரு செட்டைக் காட்டினார்கள். முகம் பூரா லைட். பாட்டுக்குத் தகுந்தபடி பச்சையும் சிவப்புமாகக் குதித்தது. தட்டிப் பார்த்தேன், உள்ளே காலி டப்பா. பாட்டு டின்னுக்குள்ளிருந்து வந்தது.

"பாக்கறதுக்கே லட்சணமா கீது" என்றார் அப்பா.

"பாக்கறதுக்கா நைனா வாங்கறோம்?"

"சம்மந்தி வூட்ல பாக்கத்தான் போறாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்கு அந்த டப்பாவை வாங்கியிருந்தால், இரண்டு வருடம் மின்னிவிட்டு ஒரு மூலையில் செத்துக் கிடந்திருக்கும். எனக்கும் நல்லதாகப் போயிருக்கும். கேட்டேனா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் அவரே செய்து கொடுப்பார். அவரிடம் இழுத்துப் போனேன். நானே பதிவு செய்த கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில் எது எங்கே கேட்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். குறைந்த காசில் செட் வாங்க நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கையில் இருப்பதில் பாதியை ஸ்பீக்கரில் போட வேண்டும். மிச்சத்தில் ஆம்ப்ளிஃபயர். கேசட் ஓடுகிற டேப் டெக் பழசானாலும் பரவாயில்லை, நாடாவைப் படிக்கிற ஹெட் மட்டும் புதுசாக இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, அடித்தாளம் தருகிற வூஃபர் ஸ்பீக்கர் ஆறு இஞ்ச் இருந்தால் தாராளம். அதற்கு மேல் போடுவது ஊருக்குக் காட்டத்தான்.

மெக்கானிக் பானையைக் காட்டினார். அப்போது பாதி டீக்கடையில் ஸ்பீக்கரை மண் பானை வாயில் கவிழ்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

"இதுல வெச்சிக் கேளும்மா. கும்முனு இருக்கும்."

"கும்முனு இருக்கும். வேற ஒண்ணும் கேக்காது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை மதித்துப் பேசினார். மதியம் பூரா உட்கார்ந்து நான்கு ஜோடி மாற்றச் சொன்னேன். மூன்றாவது ஜோடியில் அந்தக் கோரஸ் பெண் முந்துவது கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பிளைவுட் பெட்டி, பார்க்க ஒன்றுமில்லை, சின்னது, லைட் கிடையாது. இதுதான் என்றேன்.

அப்பா அந்தப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். மண்டியில் ஈரக் கடலை மூட்டையைச் சந்தேகப்பட்டுக் குத்திப் பார்ப்பாரே, அப்படி விரலால் குத்தினார். "இத்தினி துட்டு போட்டு, வெறும் பாட்டு கேக்கவா?" என்றார்.

அவர் வேண்டாம் என்று கிளம்பிவிட்டால் தீர்ந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வாய் முந்திக்கொண்டது. "வெறும் பாட்டு இல்ல நைனா. மைக் சொருகலாம். பேட்டரியிலயும் ஓடும். கரண்ட் போனாலும் நிக்காது. வீட்டுக்கு, விசேஷத்துக்கு, எல்லாத்துக்கும் ஆகும்" என்றேன். அப்படி ஒன்றும் அதில் இல்லை. மெக்கானிக்கைப் பார்த்தேன். அவரும் புரிந்துகொண்டு, "அதுக்கென்ன, பின்னால ரெண்டு கனெக்‌ஷன் குடுத்துட்டா ஆச்சு" என்றார். அந்தச் செலவுக்காக டெக்கில் ஒரு படி இறங்கினேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. எல்லாத்துக்கும் ஆகும் என்றால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது. ஒரு பொருள் ஒரே ஒரு வேலைக்கு என்றால்தான் அது ஊதாரித்தனம்.

நிச்சயத்தன்று அப்பா அதைச் சபையில் சொன்னார். "சாதா செட்டு இல்லீங்க. மைக் போடலாம், பேட்டரியில ஓடும்" என்று. என் மாமியாராக வரப்போகிறவர் அதுவரை வெற்றிலை மென்றுகொண்டு சும்மா இருந்தவர், தலையை நிமிர்த்தினார். "பேட்டரியில ஓடுமா?" என்றார். நான் சமைப்பேனா, எனக்குத் தைக்கத் தெரியுமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

கல்யாணம் ஆகி முதல் மூன்று வாரம் நான் நினைத்தபடி வாழ்ந்தேன். மறுக்க மாட்டேன். எங்கள் அறையில் இரண்டு பெட்டிகளையும் காது உயரத்துக்கு ஸ்டூலில் தூக்கி வைத்தேன். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, முகத்தை என் பக்கம் லேசாகத் திருப்பி வைத்தேன். மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. சாப்பிட்டுவிட்டு நடுவில் பாயைப் போட்டு உட்காருவேன். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லார் வாயிலும் அடிபட்ட ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பாட்ட நூறு தபா கேட்டுக்கீறேன். பின்னால ஒரு பொம்பள கூடவே பாடறது இன்னிக்குத்தான் காதுல உழுது" என்றார். அந்தச் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன் என்று ஒருவரிடம் அளந்துவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நான்காவது வாரம் பௌர்ணமி. காலையில் மாமியார் அறைக்குள் வந்தார். "இன்னாமே, அந்தப் பொட்டிங்கள எடுத்து வெளிய வையி. ஜனம் வர ஆரம்பிச்சிடும்" என்றார்.

"எந்தப் பெட்டி அத்தை?"

"பாட்டுப் பொட்டிதான். உங்கப்பாதான் அத்தினி பேர் எதிர்ல சொன்னாரே, பேட்டரியில ஓடும்னு."

வீட்டில் இருந்த கரண்டைக் கடை முன்னால் ரோட்டோரம் வரை இழுக்க வசதி கிடையாது. பேட்டரியில் ஓடாத செட்டாக இருந்தால் அது வாசற்படியைத் தாண்டியிருக்காது. டிராக்டர் பேட்டரியை இரவல் வாங்கி வந்து வீட்டுக்காரரே வயரைத் திருகினார். ஒரே பக்திப் பாட்டு கேசட், திரும்பத் திரும்ப. நடந்து போகிறவர்கள் பாட்டைக் கேட்டு நின்றார்கள், நின்றவர்கள் கற்பூரம் வாங்கினார்கள். அன்றைக்கு வியாபாரம் எப்போதையும்விட ஜாஸ்தி. பொத்தான் எல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று என்னைப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். நான் ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன். எனக்கு அறிவு எங்கே போயிற்று என்று இப்போது கேட்கிறேன்.

ஒரு நாள் இரண்டு நாளாயிற்று. பிரதோஷம் சேர்ந்தது, சனி ஞாயிறு சேர்ந்தது, தீபத்துக்குப் பத்து நாள் சேர்ந்தது. தூக்கிப் போவதும் கொண்டுவருவதும் இடுப்பு ஒடிகிறது என்று செட் கடையிலேயே தங்கிவிட்டது. என் அறையில் இரண்டு ஸ்டூல்தான் மிச்சம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மாமியாரிடம் நேராகவே கேட்டேன்.

"அது என் செட்டு அத்தை. எனக்குக் கேக்கறதுக்குத்தான் எங்கப்பா வாங்கிக் குடுத்தாரு."

"உன் செட்டா? சீரா வந்தது வூட்டுக்கு வந்தது. உனுக்குன்னு வெச்சிக்கணும்னா உங்கப்பன் வூட்லயே வெச்சிக்கினு இருந்திருக்கணும்."

"அப்ப என் பீரோவையும் கொண்டுபோய் ரோட்ல வையுங்களேன்."

"அது பேட்டரியில ஓடாதே" என்றார் மாமியார், சிரிக்காமல்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கற்பூரப் பொட்டலம் மடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

அடுத்த தீபாவளிக்கு என் அப்பா வந்தார். கடை வாசலில் செட் முழங்குவதைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அன்னிக்கே சொன்ன பாரு, எல்லாத்துக்கும் ஆகும்னு" என்று என் தலையைத் தடவினார். இந்த மனிதரிடம் அழுது என்ன பயன் என்று காபி போடப் போய்விட்டேன்.

வருஷா வருஷம் ஜனம் பெருகியது. ஸ்பெஷல் பஸ் விட்டார்கள், பாதை பூரா கடை முளைத்தது. எதிர்க் கடைக்காரர் எங்களைப் பார்த்து ஒரு செட் வைத்தார், எங்களுடையதைவிடப் பெரிதாக. உடனே எங்கள் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் மாறியது. அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். நான் மதியம் பூரா உட்கார்ந்து தேர்ந்தெடுத்த ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் கிழிந்து தொங்கியது. அந்த இடத்தில் எங்களுக்கும் குழாய் வந்தது. மூன்று வருடத்தில் நான் காதால் வாங்கிய எதுவும் அதில் மிச்சமில்லை. ஆனால் கோளாறு என்றால் மட்டும், "உன் செட்டு இரையுது, இன்னான்னு பாரு" என்பார் வீட்டுக்காரர். ரிப்பேருக்கு மட்டும் அது என் செட்.

மைக்கையும் விட்டுவைக்கவில்லை. கூட்டத்தில் காணாமல் போகிறவர்களை எங்கள் கடையிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். குரல் தெளிவாக இருக்கிறது என்று அந்த வேலையும் எனக்கு. "கீழ்பென்னாத்தூர்லேருந்து வந்த பச்சப் புடவ அம்மா, உங்க வீட்டுக்காரர் இங்க நின்னுக்கினு இருக்காரு" என்று கத்துவேன். அவர் நிற்பார், அந்த அம்மா வரமாட்டார், திரும்பக் கத்துவேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்க ஆசைப்பட்டவள், வருடக்கணக்காக ரோட்டில் உட்கார்ந்து கத்தினேன். இடது கையை நீட்டினால் எங்கள் குழாய். எதிரே அவர்கள் குழாய். இதுதான் என் ஸ்டீரியோ.

காதுக்குள் அந்தச் சத்தம் எந்த வருடம் வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு காலையில் அறையைப் பெருக்கும்போது சில்வண்டு கத்துவது போல் இருந்தது. பீரோவுக்குப் பின்னால் தேடினேன், கட்டிலை நகர்த்தினேன். பகலில் எங்கே சில்வண்டு என்று அப்போதுதான் தோன்றியது. தலையைத் திருப்பினால் கூடவே திரும்பியது. பஞ்சு வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். "சாமி பாட்டுக்குப் பஞ்சு வெச்சிக்கினு ஒக்காருவாங்களா? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார் மாமியார். எடுத்துவிட்டேன்.

நான் தனியாகத்தான் காது டாக்டரிடம் போனேன். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். பழைய கேசட் கடைப் பழக்கத்தில் அந்த ஹெட்போனை மாட்டும்போது எனக்கு ஒரு தைரியம் வந்தது. ரொம்ப நேரம் கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

"சத்தமான எடத்துல வேலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாமி பாட்டு போடறோம் சார்."

"போனது போனதுதாம்மா. இருக்கறதக் காப்பாத்திக்கோங்க."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். என் விஷயத்தில் சங்கு முதலில் ஊதியது, செவிடு பிறகு வந்தது. வீட்டுக்கு வந்து, காதில் அழுக்காம், சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் மறைத்தேன் என்றால், வீட்டுக்காரருக்கு என்னிடம் பெருமை அது ஒன்றில்தான். பதினொரு வருடம் கழித்தும் வருகிற போகிறவர்களிடம் என் காதைப் பற்றித்தான் சொல்வார். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கொலுசுச் சத்தம் போயிற்று, குருவி போயிற்று, பேச்சில் வார்த்தைகளின் ஓரங்கள் போயின. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், புரியாத இடத்தில் தலையாட்டவும் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் திமிராகிவிட்டாள், பேசினால் பதில் சொல்வதில்லை என்று ஊரில் பேர் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு மாடியில் ஒரு அறை கட்டினோம். பூசி முடித்த அன்று வீட்டுக்காரர் என் எதிரில் வந்து நின்றார். எதையோ ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்து சொல்கிற முகம்.

"ஒரு நல்ல செட்டு வாங்கலாம். இது உனக்கு மட்டும். ரோட்டுக்குப் போவாது, ஒருத்தன் தொட மாட்டான். நீயே கேட்டு எடு. எனக்கு இன்னா தெரியும், உன் காதுதான் சொல்லணும்" என்றார். இதைப் பத்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காசுக்குப் பார்க்கிறேன் என்று நினைத்து இன்னும் பிடிவாதமானார்.

டவுனில் புதிதாக வந்த கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி. விற்கிறவர் நரைத்த மீசைக்காரர், பொறுமையானவர். எங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டு செட்தான் வரும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போடுகிறேன், எது வேண்டுமோ சொல்லுங்கள் என்றார். வீட்டுக்காரர் அவரிடம், "இவங்க கேசட் கடையில இருந்தவங்க. ஊசி உழுந்தாலும் எந்த ஊர் ஊசின்னு சொல்வாங்க" என்றார். அவர் மரியாதையாக எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

பாட்டு ஓடியது. பாடகரின் குரல் இருந்தது, அடியில் தாளம் இருந்தது. மேலே இருக்க வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் என் சில்வண்டுதான் கத்திக்கொண்டிருந்தது. முதல் செட் இப்படி, இரண்டாவதைக் கேட்டால் ஏதாவது வித்தியாசம் தெரியும், தெரிந்ததை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சரணம் போயிற்று. அடுத்த சரணமும் பாதி போயிற்று.

"சரி, அடுத்ததப் போடுங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். நரைத்த மீசைக்காரர் சங்கடமாக வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"மூணு தபா மாத்தியாச்சும்மா."

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். சொட்டு மருந்து, திமிர், தலையாட்டல் எல்லாம் அவருக்குள் ஒன்றொன்றாக விழுவது எனக்குத் தெரிந்தது. என் தோளில் கை வைத்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, குரலைத் தணித்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டார். உதட்டைப் பார்த்து நான் படித்துவிட்டேன்.

"ரெண்டுல எது சத்தம் ஜாஸ்தியா வரும், அதக் குடுங்க."

பாவம், அன்பில்தான் கேட்டார். அந்த இடத்திலேயே அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது எனக்கு.